போகத் தெரிந்த பசை

1968-ல் பிரிட்டனின் தபால்தலை மாறியது. முன்பக்கம் அல்ல; அங்கே அதே ராணி, அதே கிரீடம், அதே பக்கவாட்டு முகம். மாறியது முதுகு. அதுவரை தலைக்குப் பின்னால் காய்ந்து மினுங்கிக்கொண்டிருந்தது ஆப்பிரிக்க வேலமரத்துப் பிசின். அந்த ஆண்டு அதன் இடத்துக்குப் பாலிவினைல் ஆல்கஹால் என்ற செயற்கைப் பசை வந்தது. சுருக்கமாக பி.வி.ஏ. புதிய பசை கண்ணுக்கே தெரியவில்லை. தாளுக்குப் பசை பூசியாயிற்றா இல்லையா என்று அச்சகத்தாருக்கே குழப்பம் வரக்கூடாதே என்று அதில் துளி மஞ்சள் சாயம் கலந்தார்கள். தபால்தலை சேகரிக்கிறவர்கள் இன்றும் அந்தக் காலத்துத் தலைகளைத் திருப்பிப் பார்த்து, பளபளத்தால் பிசின், மங்கினால் பி.வி.ஏ. என்று பிரித்து வைக்கிறார்கள். மற்றபடி யாருக்கும் குறையில்லை. நாக்கில் தடவினால் ஒட்டியது. தபால்தலைக்கு வேறென்ன வேண்டும்?

இதே மாற்றத்தை இன்னொரு சிறு கூட்டமும் செய்து பார்த்தது. புகைப்படத்தைப் பழைய முறையில், கையால் பூசிய தாளில் அச்சிடுகிறவர்கள். அவர்களிடம் அது அத்தனை லேசாக நடக்கவில்லை. காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. தபால்தலையில் பசை ஒட்ட வேண்டும். அவர்களுடைய படத்தில் பசை போக வேண்டும்.

அந்த முறைக்கு 'கம் பிரிண்ட்' என்று பெயர். பிசினைத் தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து, அதில் வாட்டர்கலர் நிறத்தைக் குழைத்து, பைகுரோமேட் உப்பின் கரைசலைச் சேர்த்து, கெட்டியான ஓவியத் தாளில் தூரிகையால் பூசுவார்கள். காய்ந்ததும் அதன்மேல், வேண்டிய படத்தின் அளவுக்கே உள்ள நெகட்டிவை வைத்து வெயில் காட்டுவார்கள். நெகட்டிவின் தெளிந்த இடங்கள் வழியே வெளிச்சம் இறங்கிய இடத்தில் பிசின் கெட்டிப்படும். நெகட்டிவின் கருமைக்கு அடியில் இருந்த பிசினுக்கு ஒன்றும் ஆகாது. அது பழைய பிசினாகவே இருக்கும். பிறகு தாளைப் பச்சைத் தண்ணீர்த் தட்டில் முகம் குப்புறப் போட்டுவிட்டு, டீ போடப் போகலாம். முதலில் தண்ணீரில் மஞ்சள் இறங்கும். அப்புறம் நிறம் மேகம் மேகமாகக் கழன்று தட்டின் அடிக்குப் போகும். அரை மணி கழித்துத் தாளைத் தூக்கிப் பார்த்தால், மேலெல்லாம் கறுப்பாக இருந்த தாளில் ஒரு முகமோ மரமோ தெளிந்திருக்கும். யாரும் எதையும் வரையவில்லை. போக வேண்டியது போயிற்று, மிச்சம் படம்.

இதன் வேர் 1839-ல் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரர் மங்கோ பான்ட்டன், பொட்டாசியம் பைகுரோமேட்டில் தோய்த்த தாள் வெயிலில் பழுப்பாவதைக் கண்டார். 1852-ல் ஃபாக்ஸ் டால்பட், அதே உப்பைச் சேர்த்த ஜெலட்டின் வெளிச்சம் பட்டால் கரைய மறுப்பதைக் கண்டு காப்புரிமை வாங்கினார். 1855-ல் பிரான்சில் அல்போன்ஸ் புவாத்வேன் அந்தப் பூச்சுக்குள் நிறமியைக் கலந்தார். மூன்று ஆண்டு கழித்து இங்கிலாந்தின் டார்செஸ்டரில் ஜான் பவுன்சி பிசினும் கரியுமாகப் படம் அச்சிட்டுக் காட்டினார். அப்புறம் ஏறக்குறைய மறந்தே போன முறை, 1890-களில் பாரிசில் ராபர்ட் டெமாஷியும் ஆஸ்திரியாவில் ஹைன்ரிஷ் க்யூனும் கையில் எடுத்தபோது கலையாயிற்று. எட்வர்ட் ஸ்டைகன் 1904-ல் எடுத்த 'தி பாண்ட் – மூன்லைட்' பிளாட்டினமும் பிசினும் சேர்ந்த அச்சு. அதன் ஒரு பிரதி 2006-ல் நியூயார்க் ஏலத்தில் 29 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. மரப்பிசினுக்கு இதைவிட நல்ல விலை கிடைத்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பிசின் எங்கிருந்து வருகிறது? நம் ஊர்க் கருவேலத்துக்கு உறவான ஒரு முள்மரத்திலிருந்து. செனகல் முதல் செங்கடல் பக்கம் வரை சஹாராவின் தெற்கு ஓரமாக ஓடும் வறண்ட பட்டையில் அது வளர்கிறது. சூடானில் அதை ஹஷாப் என்பார்கள். மழை ஓய்ந்து இலை உதிரத் தொடங்கும்போது, சோன்கி என்ற நீண்ட கைப்பிடிக் கருவியால் கிளையின் பட்டையைக் கொஞ்சம் உரித்துவிடுவார்கள். சில வாரங்களில் அந்தப் புண்ணில் பிசின் உருண்டு திரண்டு நிற்கும். காயத்தை மூட மரம் போட்டுக்கொள்ளும் கட்டு அது. நன்றாகத் தண்ணீர் கிடைத்துச் செழித்த மரம் பிசின் தருவதில்லை. வெயிலிலும் வறட்சியிலும் வாடிய மரம்தான் தரும். ஒரு பருவத்துக்கு ஒரு மரத்தில் சில நூறு கிராம் கிடைத்தால் அதிகம். இப்படிச் சேர்ந்து உலகச் சந்தைக்கு வருவதில் பத்தில் ஏழெட்டுப் பங்கு சூடானிலிருந்து, அதிலும் பெரும்பகுதி கோர்டோஃபான், டார்ஃபூர் பக்கத்திலிருந்து. குளிர்பானத்தில் வாசனை எண்ணெய் மேலே மிதந்துவிடாமல் பிடித்து வைப்பது இதுதான். அதனால்தான் 1997-ல் சூடான்மேல் பொருளாதாரத் தடை போட்ட அமெரிக்கா, பிசினுக்கு மட்டும் விலக்கு அளித்தது. 2023 ஏப்ரலில் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்தபோது முதலில் கவலைப்பட்டவர்களில் சோடா கம்பெனிக்காரர்களும் உண்டு.

படம் அச்சிடுகிறவருக்கு வேண்டியது வருஷத்துக்கு ஒரு பாட்டில். பற்றாக்குறை அவரை வாட்டாது. அவருடைய புகார் வேறு. இந்த மூட்டைப் பிசினுக்கும் அடுத்த மூட்டைப் பிசினுக்கும் நிறம் ஒத்துப்போகாது, புளிப்பு ஒத்துப்போகாது, பாகின் பதம் ஒத்துப்போகாது. ஹஷாப் என்று வாங்கியதில் தல்ஹா என்ற இன்னொரு வேலத்தின் பிசின் கலந்திருக்கும். (இரண்டையும் பிரிக்க அழகான சோதனை உண்டு: தளவிளைவுற்ற ஒளியை ஹஷாப் கரைசல் இடப்பக்கம் திருப்பும், தல்ஹா வலப்பக்கம் திருப்பும்.) கரைத்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும். போன மாதம் வந்த படம் இந்த மாதம் வராது. செயற்கைப் பசை வேண்டும் என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது.

ஆனால் மாற்றுத் தேடுவதற்கு முன், பிசின் செய்துகொண்டிருந்த வேலை என்ன என்று பார்க்க வேண்டும். அது செய்யும் வேலை ஒன்றல்ல.

பிசின் என்பது சர்க்கரைகளால் ஆன பெரிய மூலக்கூறு. காலக்டோஸ் முதுகெலும்பு, அதிலிருந்து எல்லாப் பக்கமும் கிளை, கிளைக்குக் கிளை. அரபினோஸ், ராம்னோஸ், குளுகுரோனிக் அமிலம். நடுநடுவே கொஞ்சம் புரதம், சுமார் 2 விழுக்காடு. இத்தனை கிளை இருப்பதால் அது நூல் போல் நீண்டு கிடக்காது. இலந்தைப் புதர் போலத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு உருண்டு நிற்கும். உருண்டைகள் ஒன்றோடொன்று சிக்கா. அதனால் தண்ணீரில் பாதிக்குப் பாதி கரைத்தாலும் ஊற்றுகிற பதத்தில் இருக்கும். வேறு பசைகளில் 10 விழுக்காட்டிலேயே கரண்டி நிற்கும். அடுத்து, அந்தப் புரதப் பகுதி நிறமித் துகளைப் பற்றிக்கொள்ள, சர்க்கரைப் பகுதி தண்ணீர்ப் பக்கம் நிற்க, துகள்கள் ஒன்றோடொன்று திரளாமல் தனித்தனியே மிதக்கும். வாட்டர்கலர் ட்யூபுக்குள் இருப்பதும் இதே பிசின்தான். ஆகவே பழைய கலைஞர்கள் ஓவியர் கடையில் ட்யூப் வாங்கிப் பிதுக்கிக் கலந்தார்கள், வேலை முடிந்தது. மூன்றாவது, அது காய்ந்தாலும் பச்சைத் தண்ணீரில் தயக்கமின்றிக் கரையும். போகும்போது பிடித்த நிறமியையும் கையோடு கூட்டிக்கொண்டு போகும். அதனால்தான் படத்தின் வெளிச்சப் பகுதிகள் தாளின் வெள்ளையாகவே மிஞ்சுகின்றன.

வெளிச்சம் பட்ட இடத்தில் அதுவே ஏன் போக மறுக்கிறது? பைகுரோமேட்டில் குரோமியம் ஆறாம் ஆக்சிஜனேற்ற நிலையில் இருக்கிறது. புற ஊதா ஒளியும் நீல ஒளியும் பட்டால் அது பக்கத்திலுள்ள பிசினிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டு மூன்றாம் நிலைக்கு இறங்கும். அந்த மூன்றாம் நிலைக் குரோமியம், பிசினின் அமில முனைகளைக் கை நீட்டிப் பிடிக்கும். இரண்டு மூன்று மூலக்கூறுகளின் முனைகளை ஒரே குரோமியம் பிடித்தால் முடிச்சு விழுந்தது என்று பொருள். முடிச்சு விழுந்தது கரையாது. இதை நாம் வேறொரு இடத்தில் பார்த்திருக்கிறோம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஆவாரம்பட்டை ஊறலுக்குப் பின்னால் வந்த குரோம் பதனிடுதலில் நடப்பது அச்சு அசலாக இதுதான்: மூன்றாம் நிலைக் குரோமியம் தோலின் கொலாஜன் இழைகளை அவற்றின் அமில முனைகளில் பிடித்து முடிச்சுப் போடுகிறது. கம் பிரிண்ட் என்பது வெயிலால் பதனிட்ட பிசின். இந்த வினைக்கு ரசாயனக்காரர்கள் வைத்த பெயரும் பதனிடுதல்தான்.

ஆறாம் நிலைக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. அதன் முகம் எப்படி இருக்கும் என்பதற்கு ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலை விட்டுச்சென்ற, லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுமேடும் அதைச் சுற்றி மஞ்சளாக ஊறும் நிலத்தடி நீரும் சாட்சி. ஐரோப்பிய ஒன்றியம் பைகுரோமேட் உப்புகளை அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று வைத்த கெடு 2017 செப்டம்பர் 21. வீட்டுச் சமையலறையில் படம் அச்சிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றோடு கதவு ஏறக்குறைய மூடிற்று. ஆக, பிசினுக்கு மாற்றுத் தேடியவர்களும் குரோமியத்துக்கு மாற்றுத் தேடியவர்களும் ஒரே சந்தில் வந்து முட்டிக்கொண்டார்கள். அந்தச் சந்தின் பெயர் பி.வி.ஏ.

இந்தப் பொருளின் பிறப்பே ஒரு விநோதம். பாலிஎத்திலீன் செய்ய எத்திலீனை எடுத்துக் கோப்பார்கள். அந்தக் கணக்கில் பாலிவினைல் ஆல்கஹால் செய்ய வினைல் ஆல்கஹால் வேண்டும். ஆனால் அப்படி ஒன்றை பாட்டிலில் பிடித்து வைக்க முடியாது. உண்டான மறுகணமே அணுக்கள் இடம் மாறி அசிட்டால்டிஹைடு ஆகிவிடும். மணியே இல்லாமல் மாலை கட்ட வேண்டும். 1924-ல் ஜெர்மனியில் வில்லி ஹெர்மானும் வோல்ஃப்ராம் ஹேனெலும் குறுக்குவழி கண்டார்கள். முதலில் பாலிவினைல் அசிட்டேட் மாலையைக் கட்டிவிட்டு, பிறகு சோப்புக் காய்ச்சுவது போல் காரம் சேர்த்து அதன் அசிட்டேட் குஞ்சங்களை அறுத்தெறிந்தார்கள். மிஞ்சிய மாலை பி.வி.ஏ. தாய்ப்பொருளான அந்த பாலிவினைல் அசிட்டேட்டை நமக்கு நன்றாகவே தெரியும். 1959-ல் ஃபெவிகால் என்ற பெயரில் வந்து, தச்சர்கள் அடுப்பில் காய்ச்சிக்கொண்டிருந்த வச்சிரத்தை ஒழித்துக்கட்டியது அதுதான்.

குஞ்சங்களை எவ்வளவு அறுப்பது என்பதில்தான் சூட்சுமம். 98, 99 விழுக்காடு அறுத்துவிட்டால் மாலைகள் நெருங்கிப் படுத்து, ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுகப் பற்றி, படிகம் போல் அடுக்காகிவிடும். பச்சைத் தண்ணீரில் கரையாது. கொதிக்கிற அளவுக்குச் சுட வைத்தால்தான் இளகும். 88 விழுக்காட்டோடு நிறுத்தினால் மிச்சக் குஞ்சங்கள் இடைஞ்சலாக நின்று நெருங்க விடாது. தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். ஆல்கஹால் முனைகள் அதிகம் இருந்தால் தண்ணீரில் அதிகம் கரைய வேண்டும் என்றுதான் யாரும் நினைப்போம். இங்கே தலைகீழ். விசைத்தறிக்குப் போகும் பாவு நூலுக்கு சைசிங் மில்லில் கஞ்சி போடுகிறார்களே, அதில் மாவுக்குப் பதிலாகவோ மாவோடு சேர்த்தோ போடுவது இந்தப் பி.வி.ஏ.தான். நெய்யும்வரை நூலைக் காக்க வேண்டும், நெய்தபின் கழுவினால் போய்விட வேண்டும். போகத் தெரிந்த பசைக்கு அங்கேயும் தேவை இருக்கிறது.

பைகுரோமேட் கலந்த பி.வி.ஏ. வெளிச்சத்தில் பிசினைவிடச் சுறுசுறுப்பாகவே கெட்டிப்படும். இதை உலகம் எவ்வளவு பெரிய அளவில் பயன்படுத்தியது என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி நம் நாட்டுக்கு வந்த கலர் டிவியின் கனத்த கண்ணாடி முகத்தை நினைவிருக்கிறதா? அதன் உட்பக்கத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று லட்சக்கணக்கான ஒளிர்புள்ளிகள். அவற்றை யாரும் சொட்டுச் சொட்டாக வைக்கவில்லை. ஒளிரும் தூளை பி.வி.ஏ., பைகுரோமேட் கரைசலில் குழைத்துக் கண்ணாடியில் ஊற்றிச் சுழற்றிப் பரப்பினார்கள். காய்ந்ததும் துளைத் தகட்டை மாட்டி, அந்த நிறத்துக்குரிய எலக்ட்ரான் துப்பாக்கி எங்கே இருக்குமோ அங்கிருந்து புற ஊதா வெளிச்சம் காட்டினார்கள். தண்ணீரில் கழுவினார்கள். வெளிச்சம் பட்ட புள்ளி நின்றது, மற்றது போயிற்று. அடுத்த நிறத்துக்கு மறுபடி பூசு, காட்டு, கழுவு. கடைசியில் சூளையில் வைத்துப் பசையை எரித்துவிட்டால் தூள் மட்டும் ஒட்டி நிற்கும். ஆஸ்திரியாவில் க்யூன் தாளில் மூன்று நிறத்துக்கு மூன்று தடவை செய்த அதே காரியம். கலர் டிவியில் 'ஒளியும் ஒலியும்' பார்த்த ஒவ்வொரு வீட்டுக் கூடத்திலும் ஒரு மூவர்ணக் கம் பிரிண்ட் இருந்திருக்கிறது.

அப்படியானால் தாளில் மட்டும் என்ன தகராறு? டிவி கண்ணாடிக்கு வேண்டியது இருக்கிறது அல்லது இல்லை என்ற புள்ளி. முகத்துக்கு வேண்டியது இடைப்பட்ட நிழல்கள்: கன்னத்தில் கொஞ்சம், தாடையின் கீழ் இன்னும் கொஞ்சம். வெளிச்சம் பூச்சின் மேலிருந்து கீழே இறங்குகிறது. ஆகவே நடுத்தர நிழலில் பூச்சின் மேல்புறம் கெட்டிப்பட்டிருக்கும், தாளைத் தொடும் அடிப்புறம் இன்னும் கரைகிற நிலையில் இருக்கும். அஸ்திவாரம் கரைந்தால் மாடியும் போகும். 1850-களிலிருந்தே படம் அச்சிடுகிறவர்களைத் துரத்தும் சிக்கல் இது. பிசின் இதைத் தன் பலவீனத்தால் சமாளிக்கிறது. அரைகுறையாக முடிச்சு விழுந்த பிசின் இழுத்துக் கட்டிய தோலாக ஆவதில்லை. தளர்ந்த கூழாக நின்று, தாளின் நார்க் குழிகளில் எங்கே பிடி கிடைத்ததோ அங்கே தங்கி, மற்ற இடத்தில் துகள் துகளாகப் பிரிந்து போகிறது. அந்தத் துகள்தன்மையே நிழலாகக் கண்ணுக்குத் தெரிகிறது. டெமாஷி ஈரத்திலேயே தூரிகையால் தடவி வேண்டாததை நீக்கியதும் இந்தக் கூழ்நிலையில்தான். பி.வி.ஏ.வோ நூல் மூலக்கூறு. இடியாப்பம் போல் ஒன்றோடொன்று சிக்கி, காய்ந்தால் நல்ல உரமான படலம் ஆகும். சிக்கலில் இருப்பது தனியாகப் பிரியாது. போனால் கூட்டத்தோடு போகும், நின்றால் கூட்டத்தோடு நிற்கும். கெட்டிக்காரப் பசை என்பதுதான் அதன் குற்றம்.

குரோமியத்தையே ஒழிக்கும் வழி ஜப்பானிலிருந்து வந்தது. 1980 வாக்கில் குனிஹிரோ இச்சிமுரா, பி.வி.ஏ. மாலையிலேயே ஸ்டில்பசோலியம் என்ற மூலக்கூற்றுத் துண்டை அங்கங்கே தொங்கவிட்டார். நூறு கண்ணிக்கு ஒன்றிரண்டு போதும். தண்ணீரைப் பிடிக்காத இந்தத் துண்டுகள், கல்யாண வீட்டில் அறிமுகமில்லாதவர்கள் ஒரு மூலையில் சேர்ந்து உட்காருவது போல், தாமாகவே பக்கத்தில் பக்கத்தில் ஒதுங்கும். புற ஊதா ஒளி பட்டதும் அடுத்தடுத்துள்ள இரண்டின் இரட்டைப் பிணைப்புகள் திறந்து, ஒன்றோடொன்று கோத்து, நான்கு கார்பன் கொண்ட சதுர வளையமாகும். வேறு உப்பு வேண்டாம், உலோகம் வேண்டாம். பைகுரோமேட் பூசிய தாள் இருட்டில் வைத்தாலும் மெல்லக் கெட்டுப்போகும். இதில் அந்தத் தொல்லையும் இல்லை. ஸ்க்ரீன் பிரிண்டிங் கடைகளில் டப்பாவைத் திறந்து அப்படியே சட்டத்தில் இழுக்கும் கலவைகளில் பல இந்த வகைதான். கல்யாணப் பத்திரிகைக்கும் டி-சர்ட்டுக்கும் வந்ததை, கம் பிரிண்ட்காரர்கள் தங்கள் தாளுக்கு இழுத்துக்கொண்டார்கள்.

படம் வருகிறது, நன்றாகவே வருகிறது. ஆனால் கைப்பிடி மாறிவிட்டது. முன்பு பைகுரோமேட்டைக் கூட்டினால் படத்தின் ஒளி-நிழல் முரண் தணியும், குறைத்தால் ஏறும். அந்த ஆரஞ்சு நிற உப்பே ஒளியை உறிஞ்சி அது எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டிருந்தது. இப்போது ஸ்டில்பசோலியத் துண்டுகளின் எண்ணிக்கை தொழிற்சாலையிலேயே முடிவாகிவிட்டது. அச்சிடுகிறவர் கையில் மிஞ்சியது நிறமியின் அளவும் பூச்சின் கனமும்தான். ஆகவே ஒரே பூச்சில் எல்லா நிழலையும் பிடிக்கப் பார்க்காமல், மெல்லிய பூச்சாக, ஒன்றுக்கு ஒரு நிழல் என்று பல முறை பூசிக் கழுவுகிறார்கள். ட்யூப் வாட்டர்கலர் சரிப்படாதபோது, திரளாமல் தண்ணீரில் நிற்கும் நிறமிக் கலவையாகப் பார்த்து வாங்குகிறார்கள். பிசின் சும்மா செய்துகொண்டிருந்த ஒவ்வொரு வேலைக்கும் இப்போது தனித்தனியே ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் இதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'மாற்று' என்ற சொல் இங்கே பொருந்தவில்லை. வேறு முறை என்றே சொல்ல வேண்டும்.

இதை எழுதுவதற்காக மூன்று கண்ணாடித் துண்டு எடுத்துக்கொண்டேன். ஒன்றில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய கருவேலம்பிசின் கரைசல், மற்ற இரண்டில் பி.வி.ஏ.: ஒன்று 88, ஒன்று 99. மெல்லப் பூசி ஒரு நாள் காயவிட்டேன். பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான். பிறகு மூன்றையும் பச்சைத் தண்ணீரில் சாய்த்து வைத்தேன். பிசின் நெளிநெளியாக, வெந்நீரில் சர்க்கரை கரைவது போல் கீழே வழிந்தது. எடுத்துத் துடைத்தால் வெறும் கண்ணாடி. 88 முதலில் வழுவழுத்து, விரலில் நூலாக இழுத்து, அப்புறம் போயிற்று. 99 போகவில்லை. ஊறிக் குழைந்து கண்ணாடியிலேயே கிடந்தது. ஓரத்தில் நகத்தால் நெம்பினேன்; கொதித்த பாலின் ஆடை போல் முழுசாகக் கையோடு எழும்பி வந்தது.